தாழ்ப்பாள் எந்த உயரத்தில் இருக்கிறது?

சமையல் கொட்டகைச் சுவரில் மூன்று கோடுகள். கீழே இருப்பது கரிக்கட்டையால் இழுத்தது. பக்கத்தில் 2021 என்று எழுதியிருக்கிறது. அதற்கு ஒரு முழம் மேலே, நீல பெயின்ட்டில் 2023. இரண்டுக்கும் மேலே, என் மார்பு உயரத்தில், செங்கல் துண்டால் கீறிய கோடு: 2015. அந்தக் கோட்டுக்கு நேர் கீழே, மூன்று கால் நாய் ஒன்று சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

சென்னைக்குத் தெற்கே, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் இருக்கும் சின்னக் காப்பகம் இது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். பெயர் வந்த மறுநாள் காலையில் வாசலில் அட்டைப்பெட்டி இருக்குமாம், உள்ளே கண் திறக்காத குட்டிகளோடு. பட்டறிந்து சொல்கிறார்கள். நாய்கள் நூற்று நாற்பது, பூனைகள் இருபதுக்கு மேல், வண்டி மோதிக் கால் ஒடிந்த மாடுகள் இரண்டு. பார்த்துக்கொள்ள மூன்று பேர். அவர்களில் மூத்தவரை எல்லோரும் அக்கா என்கிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

புரட்டாசி வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. "மழைக்கு இன்னும் நாள் இருக்கே அக்கா, இப்பவே மூட்டை கட்டிட்டிருக்கீங்க?" என்றேன். மணல் சாக்கின் வாயைத் தைத்துக்கொண்டே, நிமிராமல் பதில் சொன்னார். "மழை பெய்யறப்ப இங்க தண்ணி வராது சார். மழை விட்டுடும், வெயில் அடிக்கும், அக்கம்பக்கத்துல துணி காயப்போடுவாங்க. அப்பதான் வரும்."

வெயிலில் வரும் வெள்ளம்

கேட்க விசித்திரமாக இருந்தாலும் இந்தப் பக்கத்தின் நீர்க்கணக்கு அதுதான். தாம்பரம், சேலையூர், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை என்று மேட்டில் இருக்கும் ஏரிகள் படிப்படியாக ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக அமைந்தவை. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாகக் கீழ் ஏரிக்குப் போகும். எல்லாம் நிரம்பி வழிந்தபின் வந்து சேரும் இடம் பள்ளிக்கரணை. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, தெற்கு பக்கிங்ஹாம் கால்வாய், முட்டுக்காடு முகத்துவாரம், கடைசியில் கடல். கடல் ஏற்றமாக இருந்தால் முகத்துவாரம் தண்ணீரை வாங்காது. வாங்காத தண்ணீர் வந்த வழியே தேங்கி ஏறும்.

2015 டிசம்பர் 1 தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை. அந்தத் தண்ணீர் இறங்கி வருவதற்குள் இங்கே மழையின் வேகம் குறைந்துவிட்டது. மிக்ஜாம் புயல் கரையைக் கடந்ததோ ஆந்திராவின் பாபட்லா பக்கம், 2023 டிசம்பர் 5 அன்று. அதற்கு முந்தைய இரண்டு நாளில் சென்னையில் கொட்டிய மழைதான் வேளச்சேரியையும் பள்ளிக்கரணையையும் பல நாள் தண்ணீரில் நிறுத்தியது.

இந்தச் சதுப்பு நிலம் ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்தது. 2022-ல் சர்வதேச ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது கணக்கில் வந்தது சுமார் 1,248 ஹெக்டேர். மீதியில் தெருக்களும் அடுக்குமாடிகளும் அலுவலகங்களும் வந்துவிட்டன. ஓரத்தில், யாருக்கும் வேண்டாத ஒரு துண்டில், இந்தக் காப்பகம்.

அதுவும் தற்செயல் இல்லை. நாய் குரைக்கிறது, நாற்றம் வருகிறது என்று குடியிருப்புக்காரர்கள் புகார் கொடுக்கக் கொடுக்க, காப்பகங்கள் ஊருக்கு வெளியே தள்ளப்படுகின்றன. ஊருக்கு வெளியே குறைந்த வாடகைக்குக் கிடைப்பது எது? ஏரிக்கரை, ஓடைப் புறம்போக்கு, மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் நிற்பதால் வீடு கட்ட முடியாத மனை. மனிதருக்கு ஆகாத நிலம் பிராணிகளுக்கு வந்து சேர்கிறது. கார்த்திகையில் மூழ்கும் காப்பகம் உண்மையில் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே பாதி மூழ்கிவிட்டது என்பேன்.

ஏரியில் பிறந்த இயக்கம்

சென்னையில் பிராணிகள் மீட்பு என்றாலே நினைவுக்கு வருவது ப்ளூ கிராஸ். அதன் தொடக்கமே ஒரு வெள்ளக் காட்சிதான். 1959-ல் அடைமழையில் மிதந்த தி.நகர் தெருவில் உயிருக்குத் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை விமானி கேப்டன் வி.சுந்தரம் பார்த்தார், வீட்டுக்குக் கொண்டுபோனார். அந்த இரண்டு குட்டிகளிலிருந்து வளர்ந்ததுதான் ப்ளூ கிராஸ்.

கதையில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. அந்தத் தி.நகரே ஏரிதான். மயிலாப்பூர், மாம்பலம், நுங்கம்பாக்கம் பக்கமாக நீண்டு கிடந்த பழைய ஏரியைத் தூர்த்து, 1920-களில் மனை போட்ட இடம் அது. குட்டிகள் தத்தளித்ததும் ஏரிக்குள், அவற்றின் வாரிசுகளுக்குக் கூண்டு கட்டுவதும் ஏரிக்குள். நூறு வருடமாக இதே கணக்கு.

இதை இப்போது பேசக் காரணம் இருக்கிறது. 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் திரியும் தெருநாய்களைப் பிடித்து, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, காப்பகங்களில் வைக்க வேண்டும், பிடித்த இடத்திலேயே திரும்ப விடக்கூடாது என்று உத்தரவிட்டது. அந்த உத்தரவு சரியா தவறா என்று ஊரே இரண்டாகப் பிரிந்து பேசிவிட்டது. என் கவலை வேறு. நாய்களை வைக்க இடம் வேண்டும். இடம் தேடும்போது உள்ளாட்சி அதிகாரிகள் கை வைக்கும் புறம்போக்கு பெரும்பாலும் தாழ்வான நிலமாகத்தான் இருக்கும். தெருவில் இருக்கும் நாய்க்கு வெள்ளம் வந்தால் ஒரு வழி உண்டு. மாடிப்படி, நிறுத்திவைத்த காரின் கூரை, மேம்பாலம் என்று எங்கேயாவது ஏறிக்கொள்ளும். கூண்டில் இருக்கும் நாய்க்கு அந்த வழி இல்லை. நாம் பூட்டிய கதவை நாம்தான் வந்து திறக்க வேண்டும்.

இருட்டில் தேடிய விரல்கள்

2015 இரவைப் பற்றி அக்கா அதிகம் பேசவில்லை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கையால் செய்து காட்டினார்.

அப்போது கூண்டுகளின் தாழ்ப்பாள் கீழ்ப்பக்கம் இருந்தது, தரையிலிருந்து ஒரு முழத்தில். வெல்டிங்காரர் வழக்கமாக வைக்கிற இடம். கரன்ட் இல்லை, டார்ச் நனைந்து அணைந்துவிட்டது, தண்ணீர் இடுப்புக்கு மேல். குனிந்து, கன்னம் தண்ணீரில் படப்பட, கையை உள்ளே விட்டுத் தாழ்ப்பாளைத் துழாவியிருக்கிறார். கம்பி வலைக்கு அந்தப் பக்கமிருந்து நாய் அவர் முகத்தை நக்கிக்கொண்டே இருந்ததாம். "அது குரைக்கல சார். எதுவுமே குரைக்கல. அவ்ளோ நாய் இருக்கற இடம், சத்தமே இல்ல." தாழ்ப்பாள் கைக்குக் கிடைத்தாலும் கதவு வரவில்லை. அடியில் சேறு அடைத்துக்கொண்டது. கடைசியில் கட்டிங் பிளேயரால் வலையை அறுத்தார்கள். எல்லாக் கூண்டையும் அறுக்க நேரம் போதவில்லை. அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்று அந்தக் காப்பகத்தில் எல்லாத் தாழ்ப்பாளும் நெஞ்சு உயரத்தில் இருக்கிறது. ஐப்பசி பிறந்தால் பூட்டு கிடையாது. சங்கிலிக் கொக்கி மட்டும், கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் கையால் கழற்றலாம். ஒவ்வொரு கதவுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. குட்டிகள் வெளியே வந்துவிடும் என்பதால் அந்த இடைவெளிக்குத் தனியாக ஒரு பலகை, மழைநாளில் உருவிவிடலாம். மாட்டுக் கொட்டகையில் கயிற்றை முளையில் இறுக்கிக் கட்டுவதில்லை, ஒரு முனையை இழுத்தால் அவிழும் முடிச்சுதான். இதற்கெல்லாம் ஆன செலவு பெரிதில்லை. யாராவது ஒருவர் இருட்டில் துழாவிப் பார்த்தபிறகுதான் இது தோன்றுகிறது என்பதுதான் வருத்தம்.

தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்பதிலும் நமக்கு ஒரு தப்பான படம் இருக்கிறது. வாசல் கேட் வழியாக வரும் என்று நினைத்து அங்கே மணல் மூட்டையை அடுக்குகிறோம். முதலில் அது கூண்டுக்குள்ளேயே, கழுவிவிடும் தண்ணீர் போகிற ஓட்டை வழியாகக் கொப்பளித்துக்கொண்டு மேலே வருகிறது. வெளியே வடிகால் நிரம்பிவிட்டால் குழாய் எதிர்த்திசையில் வேலை செய்யும். அதனோடு கழிவுநீர்த் தொட்டியில் இருப்பதும் வரும். குழாயில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போட்டால் தீர்ந்தது. வால்வு இல்லாத ஓட்டைகளுக்கு அக்கா பால் கவரில் மணலை நிரப்பி உருண்டையாகக் கட்டி வைத்திருக்கிறார், ஓட்டைக்கு ஒன்று. சுவரோரம் வரிசையாக அடுக்கிவைத்திருந்ததைப் பார்த்தபோது, முதலில் கொழுக்கட்டையோ என்று நினைத்தேன்.

ஆட்டுக்குப் பரண் போடத் தெரிந்தவர்கள்

தரையை உயர்த்துவதுதான் நிரந்தரத் தீர்வு என்று எல்லோரும் சொல்வார்கள். லாரி லாரியாக மண் கொட்டி மனையை மேடாக்கிவிடலாம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சதுப்பு நிலத்தின் ஓரத்தில் கொட்டுகிற ஒவ்வொரு லோடு மண்ணும் அத்தனை தண்ணீரைப் பக்கத்து மனைக்குத் துரத்துகிறது. பக்கத்தில் இருப்பது குடிசையாக இருந்தால்? நாயைக் காப்பாற்றிய புண்ணியம் அங்கேயே கரைந்துபோகும்.

மண் கொட்டாமல் உயர வழி நம் ஊரிலேயே இருக்கிறது. ஆட்டுப் பண்ணைகளில் தரைக்கு மேலே நாலைந்து அடியில் தூண் நிறுத்தி, பலகை இடைவெளி விட்டுப் பரண் போடுகிறார்கள். புழுக்கை கீழே விழும், ஆடு காய்ந்த தரையில் நிற்கும், தண்ணீர் வந்தால் அடியில் ஓடிவிடும். நாய்க்கு அதே பரண் போதும். பலகை இடுக்கில் கால் சிக்காமல் நெருக்கமாக அடிக்க வேண்டும், ஏறுவதற்குச் சாய்தளம் வேண்டும், அவ்வளவுதான். காண்டாமிருகங்கள் வாழும் அசாமின் காசிரங்காவில் பிரம்மபுத்திரா ஆண்டுதோறும் புகுவது உறுதி என்பதால், விலங்குகள் ஏறி நிற்கக் காட்டுக்குள்ளேயே செயற்கை மண்மேடுகளை எழுப்பியிருக்கிறார்கள். அங்கே நிலம் விரிந்து கிடக்கிறது, மேடு கட்டலாம். இங்கே பரண்தான் கட்டுப்படியாகும்.

இந்தக் காப்பகத்தில் முழுப் பரணுக்குப் பணம் இல்லை. கூண்டுக்குள் நாலடி உயரத்தில் கடப்பா கல் பதித்து, அதற்கு இரண்டு படி வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு நுணுக்கம் கவனித்தேன். சோற்றுத் தட்டு எப்போதும் மேல் கல்லில்தான். "வெள்ளத்தன்னிக்குப் புதுசா ஏறுன்னா ஏறாது சார். தெனமும் ஏறினாத்தான் அன்னிக்கும் ஏறும்" என்றார் அக்கா. காங்கிரீட்டுக்குச் செலவழிப்பவர்கள் இந்த ஒரு வரியையும் கேட்டுக்கொள்ளலாம்.

பன்னிரண்டு நடை

2015 கோடு வரைக்கும் தண்ணீர் ஏறினால் கடப்பா கல்லும் காப்பாற்றாது. அப்போது இடம் மாற்றியே ஆக வேண்டும். இங்கேதான் கணக்கு உதைக்கும்.

டாடா ஏஸ் வண்டியை நம் ஊரில் குட்டி யானை என்போம். கூண்டோடு ஏற்றினால் ஒரு நடைக்குப் பன்னிரண்டு நாய். நூற்று நாற்பது நாய்க்குப் பன்னிரண்டு நடை. பிடிக்க, ஏற்ற, போக, இறக்க, திரும்ப என்று நடைக்கு இரண்டு மணி நேரம். ஒரே வண்டி என்றால் முழுசாக ஒரு நாள், தூங்காமல். சாலையில் முழங்கால் தண்ணீர் வந்துவிட்டால் சைலன்சருக்குள் தண்ணீர் போய் வண்டியே நின்றுவிடும். ஆக, தண்ணீரைப் பார்த்தபிறகு முடிவெடுத்தால் ஒரு நாய்கூடப் போகாது.

வானிலை மையம் தரும் எச்சரிக்கையில் வார்த்தைகளுக்கு அளவு உண்டு. கனமழை என்றால் ஏறக்குறைய 7 முதல் 11 செ.மீ., மிக கனமழை 12 முதல் 20 செ.மீ., அதி கனமழை என்றால் 20 செ.மீ.க்கு மேல். செங்கல்பட்டு, சென்னை மாவட்டங்களுக்கு 'மிக கனமழை' என்று மாலைச் செய்தியில் வந்தால், அன்று இரவே முதல் வண்டி கிளம்புவது இந்தக் காப்பகத்தின் விதி. புயல் திசை மாறிவிட்டால்? வண்டி வாடகை வீண், நாய்களுக்கும் அலைச்சல். இரண்டு முறை அப்படி ஆனதாம். அதற்காக விதியை மாற்றவில்லை.

யார் முதலில் என்பதும் கேட் பக்கத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் எழுதித் தொங்குகிறது. இடுப்புக்குக் கீழே செயலிழந்தவை, கட்டுப் போட்டவை, அறுவை சிகிச்சை முடிந்து தையல் பிரிக்காதவை, பால்குடிக் குட்டிகளோடு தாய்கள், கண் தெரியாதவை. கடிக்கும் நாய்கள் கடைசி என்றுதான் நான் நினைத்தேன். இல்லை, அவை இரண்டாவது. இருட்டில், தண்ணீருக்குள், பயந்த நிலையில் அவற்றைப் பிடிக்க முடியாது. வெளிச்சம் இருக்கும்போதே அனுப்பிவிட வேண்டும். எச்சரிக்கை வந்த நாளிலிருந்து புதிதாக நாய் பிடிப்பதும் கருத்தடை செய்வதும் நிறுத்தம்.

அமெரிக்காவில் 2005 ஆகஸ்ட் 29 அன்று கேத்ரீனா சூறாவளி நியூ ஆர்லியன்ஸைத் தாக்கியபோது, அங்கிருந்த லூசியானா பிராணிவதைத் தடுப்புச் சங்கத்தின் காப்பகக் கட்டடம் வெள்ளத்தில் போய்விட்டது. உள்ளே ஒரு பிராணியும் இல்லை. 263 பிராணிகளையும் முன்கூட்டியே ஹூஸ்டனுக்கு வண்டி ஏற்றிவிட்டார்கள். அதே நகரத்தில், நாயையும் பூனையையும் விட்டுவிட்டு வர மாட்டோம் என்று வீட்டை விட்டுக் கிளம்பாமல் இருந்து, சிக்கிக்கொண்ட மனிதர்கள் ஏராளம். அடுத்த ஆண்டே அவர்கள் நாட்டில், பேரிடர்த் திட்டத்தில் வளர்ப்புப் பிராணிகளையும் சேர்க்க வேண்டும் என்று சட்டம் வந்தது. நம் நிவாரண முகாமுக்கு நாயைக் கூட்டிக்கொண்டு போனால் வாசலில் என்ன சொல்வார்கள் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பிளீச்சிங் கோலம்

சில சில்லறை விஷயங்கள். நிரம்பிய கேஸ் சிலிண்டரும் தண்ணீரில் மிதக்கும். எடை சுமார் 30 கிலோ, அது விலக்கும் தண்ணீரின் எடை அதைவிட அதிகம். கட்டிவைக்காவிட்டால் ரெகுலேட்டரைப் பிய்த்துக்கொண்டு கொட்டகைக்குள் சுற்றும். மெயின் சுவிட்ச் போர்டு 2015 கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். வெள்ள நாளில் அடுப்பு எரியாது, குருணைச் சோறு வேகாது. நாய்க்கு ஒரு நாளைக்கு 300 கிராம் காய்ந்த தீனி என்று வைத்தாலும் ஒரு வாரத்துக்கு ஏறக்குறைய 300 கிலோ உயரத்தில் இருப்பு வேண்டும். நனைந்த தீனியைக் காயவைத்துப் போடக் கூடாது. பூஞ்சை பிடித்த தீனியின் நஞ்சு காய்ந்தாலும் போகாது.

தண்ணீர் வடிந்தபின் வருவது அடுத்த கட்டம், பலமுறை வெள்ளத்தைவிட மோசமான கட்டம். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். காலில் சின்னக் கீறல் போதும், நாய்க்கும் வரும், சேறு அள்ளுகிற மனிதருக்கும் வரும். ஆகவே நாய்க்குத் தடுப்பூசி மழைக்கு முன்பே. ஆளுக்கு முழங்கால் பூட்ஸ், டாக்டரைக் கேட்டு முன்தடுப்பு மாத்திரை. குட்டிகளைக் கொல்லும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பிளீச்சிங் பவுடர் அதைக் கொல்லும், ஆனால் சேற்றை முழுக்க வழித்துக் கழுவிய தரையில் மட்டும். சேற்றின் மேல் கோலம் போட்ட மாதிரி தூவிவிட்டுப் போவது நம் நகரங்களில் பழகிப்போன காட்சி. குளோரின் முழுவதும் சேற்றோடு செலவாகிவிடும், கிருமி அப்படியே இருக்கும். பூனைகள் இருக்கும் பக்கம் ஃபினாயில் ஆகவே ஆகாது. அவற்றுக்கு அது விஷம்.

வெள்ளத்துக்கு மறுநாள் பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து படம் எடுத்துக்கொள்பவர்களைக் குறை சொல்லவில்லை. பிஸ்கட்டும் வேண்டும். ஆனால் புரட்டாசியில் ஒரு மூட்டை சிமென்ட்டுக்கோ இரண்டு நடை வண்டி வாடகைக்கோ பணம் கேட்டால் கிடைப்பதில்லை என்றார்கள். மிதக்கும் நாயின் படத்துக்கு இருக்கும் இழுப்பு, நெஞ்சு உயரத்தில் இருக்கும் தாழ்ப்பாளின் படத்துக்கு இல்லை.

கிளம்பும்போது அக்கா ஒரு நீள நோட்டைக் காட்டினார். இடது பக்கம் நாய்களின் பெயர்: மணி, ஜூலி, கருப்பன், சின்ன ஜூலி, டைகர், வெள்ளச்சி என்று நூற்று நாற்பது. வலது பக்கம் தலைப்பு 'யார் வீட்டுக்கு'. மழை நாட்களில் ஒரு வாரம் மட்டும் ஒரு நாயை வைத்துக்கொள்ளச் சம்மதித்தவர்களின் பெயரும் போன் நம்பரும் அந்தப் பக்கத்தில். பாதிக்கு மேல் காலியாக இருந்தது. பன்னிரண்டு நடை ஆறு நடையாகக் குறைய வேண்டுமானால் அந்தக் காலியிடம் நிரம்ப வேண்டும்.

பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்கும். உங்கள் வீட்டிலும் ஒரு மூலை இருக்கும், பழைய சாக்கு ஒன்று இருக்கும். பக்கத்தில் இருக்கும் காப்பகத்துக்கு இந்த வாரமே ஒரு போன் போட்டு, ஒரு நாயை ஏழு நாளைக்கு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று பெயர் கொடுங்கள். நேரில் போனால் தாழ்ப்பாள் எந்த உயரத்தில் இருக்கிறது என்றும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள்.